டாஸ்கா கட்டணம்: முதலாளியிடம் கேட்க வேண்டியது என்ன, வரிப் பாரத்தில் எழுத வேண்டியது என்ன?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆயாக்கொட்டகை நினைவிருக்கும். பால்மரம் வெட்டப் போகும் அம்மாக்கள் விடியற்காலையிலேயே பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு ஏற்பாடு செய்தது தோட்ட நிர்வாகம். இன்று மலாக்கா புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்கு அந்தக் கொட்டகை இல்லை, டாஸ்கா கட்டணம்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் செலவில் முதலாளி பங்கெடுக்க வருமான வரிச் சட்டத்தில் வழி உண்டு. பலர் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சலுகைகள் இரண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலாவது: முதலாளி தரும் குழந்தைப் பராமரிப்பு அலவன்ஸ்

12 வயது வரையிலான பிள்ளைகளுக்காக உங்கள் நிறுவனம் அலவன்ஸ் கொடுத்தால், ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை உங்களுக்கு வரி கிடையாது. முன்பு 2,400 ரிங்கிட்டாக இருந்த இந்த வரம்பு 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து உயர்த்தப்பட்டது. நிறுவனமே நேராக டாஸ்காவுக்குப் பணம் கட்டினாலும் இந்தச் சலுகை உண்டு.

முதலாளிக்கு என்ன லாபம்?

அலவன்ஸாகக் கொடுக்கும் தொகைக்கும், வேலையிடத்திலேயே டாஸ்கா நடத்தும் செலவுக்கும் நிறுவனம் இரட்டைக் கழிவு கோரலாம். அதாவது 1,000 ரிங்கிட் செலவழித்தால், வரிக் கணக்கில் 2,000 ரிங்கிட்டாகக் கழித்துக்கொள்ளலாம். இது 2013 மதிப்பீட்டு ஆண்டிலிருந்தே இருக்கிறது. எந்த நிறுவனமும் அலவன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே மனிதவளப் பிரிவிடம் பேசும்போது இந்த இரட்டைக் கழிவைச் சொல்லியே கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், தொழிற்சங்கம் வழியாகக் கேட்கலாம்.

இரண்டாவது: நீங்களே கோரும் வரிக் கழிவு

6 வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைக்கு நீங்கள் கட்டிய டாஸ்கா அல்லது பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு, 2025 மதிப்பீட்டு ஆண்டில் 3,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் மொத்த வரம்பு அதேதான். ஒரே பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் தனித்தனியாகக் கோர முடியாது.

எவ்வளவு மிச்சமாகும்?

மாதம் 5,000 ரிங்கிட் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000. தனிநபர் கழிவு 9,000, இ.பி.எஃப். 4,000, ஒரு பிள்ளைக்கான கழிவு 2,000 போக மீதி 45,000. இந்த அளவில் கடைசி ரிங்கிட்டுகளுக்கு வரி 6 விழுக்காடு. ஆகவே 3,000 ரிங்கிட் கழிவால் மிச்சமாவது 180 ரிங்கிட்.

மாதம் 3,000 ரிங்கிட் வாங்குபவருக்கு நிலைமை வேறு. வழக்கமான கழிவுகளும் 400 ரிங்கிட் வரித் தள்ளுபடியும் போனால், பெரும்பாலும் வரியே வராது. வரி இல்லாதவருக்குக் கழிவால் ஒரு காசு கூட மிச்சமாகாது. அவர் கைக்கு உண்மையில் வந்து சேரக்கூடியது முதலாளி தரும் அலவன்ஸ்தான். மாதம் 250 ரிங்கிட் கிடைத்தாலே ஆண்டுக்கு 3,000 ரிங்கிட்.

எங்கே தவறிப்போகிறது?

வரிக் கழிவு பதிவு பெற்ற இடங்களுக்கு மட்டுமே. 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டாஸ்கா, 1984-ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூகநலத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பாலர் பள்ளிக்குக் கல்வி அமைச்சின் பதிவு தேவை. பக்கத்து வீட்டு அக்கா எவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டாலும், அவருக்குக் கொடுக்கும் பணத்துக்குக் கழிவு கேட்க முடியாது.

செய்ய வேண்டியவை:

• பிள்ளையைச் சேர்க்கும் முன்பே பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.
• மாதாமாதம் ரசீது வாங்குங்கள். அதில் மையத்தின் பெயர், பிள்ளையின் பெயர், தொகை இருக்கட்டும். 7 ஆண்டுகளுக்குப் பத்திரமாக வைத்திருங்கள்.
• அலவன்ஸ் கிடைத்தால், இ.ஏ. பாரத்தில் வரிவிலக்கு பெற்ற தொகைகளுக்கான 'எஃப்' பகுதியில் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்தோடு சேர்த்துக் காட்டியிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.
• நிறுவனமே டாஸ்காவுக்கு நேராகக் கட்டிய தொகையை உங்கள் கழிவில் சேர்க்காதீர்கள். உங்கள் கைக்காசில் கட்டியதை மட்டும் எழுதுங்கள்.

சம்பளக்காரர்கள் 'பி.இ.' பாரத்தைச் சமர்ப்பிக்க ஏப்ரல் 30 கடைசி நாள். அலவன்ஸ் பற்றிக் கேட்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. எவ்வளவு சீக்கிரம் கேட்கிறீர்களோ, அத்தனை மாதக் கட்டணத்துக்கு அது உதவும்.