கேசட்டில் இடம்பெறாத வரைபடம்

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் வீட்டு விளையாட்டுக் கருவி, தமிழ்நாட்டில் தன் சொந்தப் பெயரால் அறியப்பட்டதைவிட அதன் மலிவான நகல்களின் வழியாகவே மிகுதியாக அறியப்பட்டது. 1990-களில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற நகரங்களிலும், செட்டியார்பட்டி, சேத்தூர் போன்ற பேரூர்களிலும் வளர்ந்த தலைமுறைக்கு அது வெறுமனே ‘டிவி கேம்’. அதில் செருகப்படும் நெகிழிப் பெட்டி ‘கேசட்’. இலட்சக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக மேலுறையில் அச்சிட்ட கேசட்டுகளில் உண்மையில் இருந்தவை சில ஆட்டங்களே. எஞ்சியவை அவற்றையே வேறு கட்டத்திலிருந்து தொடங்கிவைத்து, பட்டியலை நீட்டின.

எந்த ஆட்டம் ஊருக்கு வந்தது, எது வரவில்லை என்பதைத் தீர்மானித்ததில் நினைவகச் சில்லின் விலைக்குப் பெரும் பங்குண்டு. 1985-இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வெறும் 40 கிலோபைட்டில் அடங்கியதால், பல ஆட்டங்களை ஒன்றாகக் கட்டும் கேசட்டுக்கு அது எளிதில் பொருந்தியது. ஆனால், விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் ஆட்டத்திற்குக் கேசட்டுக்குள்ளேயே ஒரு மின்கலம் தேவைப்பட்டது. இல்லையேல், ‘மெட்ராய்டு’ ஆட்டத்தின் 1987 அமெரிக்கப் பதிப்பைப் போல, 24 எழுத்துக்கள் கொண்ட கடவுச்சொல்லை ஆடுபவரே தாளில் குறித்துவைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஒரே தொலைக்காட்சி, அதிலும் வெள்ளிக்கிழமை திரைப்பாடல் நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ தொடங்கிவிட்டால் ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும், மின்சாரம் போனால் மீண்டும் முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்க வேண்டும் என்ற சூழலில், ஒரே அமர்வில் முடிந்துவிடும் ஆட்டங்களே நிலைத்தன.

எனவே, 1986-இல் ஜப்பானில் ‘மெட்ராய்டு’ தொடங்கிவைத்த மரபு இவ்வூர்ச் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் எட்டவில்லை. ஒன்றோடொன்று இணைந்த சுரங்கங்களும் அறைகளும் கொண்ட ஒரே உலகம்; முதலில் கடக்க முடியாத மேட்டை, வேறோரிடத்தில் பெற்ற புதிய ஆற்றலோடு திரும்பிவந்து கடப்பது; இதற்கெனத் தடங்களை மனத்தில் பதித்துக்கொள்வது ஆகியன அம்மரபின் இயல்புகள். பின்னர் வந்த ‘காசில்வேனியா’ வரிசையின் பெயரையும் சேர்த்து, இவ்வகையை ‘மெட்ராய்டுவேனியா’ என்பர்.

பிற்காலத்தில் பெருநிறுவனங்களைச் சாராத தனிப் படைப்பாளிகள் பழைய புள்ளிக்கோலத் தோற்றத்தில் இவ்வகையை மீட்டெடுத்ததை வெறும் பழமை ஏக்கம் என்று ஒதுக்குவது பொருந்தாது. டைசுகே அமாயா என்ற ஒற்றை மனிதர், ஓய்வு நேரத்தில் ஐந்தாண்டுகள் உழைத்து, ஓவியம், இசை, கதை அனைத்தையும் தாமே ஆக்கி, 2004-இல் ‘கேவ் ஸ்டோரி’யை இலவசமாக வெளியிட்டார். தனியொருவரின் உழைப்புக்குள் ஓர் உலகம் அடங்க வேண்டுமெனில் சிறிய படப்புள்ளிகளே உகந்தவை என்பது அதில் தெளிவாகிறது. கேசட் தலைமுறையினருக்கோ இவ்வாட்டங்கள் பழகிய முகத்தோடு பழகாத வாய்ப்பைத் தந்தன: கண்ணுக்கும் விரலுக்கும் தெரிந்த தாவல், ஆனால் இழக்காமல் தொடரக்கூடிய நெடும்பயணம். சிறுவயதில் கிட்டாத ஒன்று சிறுவயதின் வடிவிலேயே பின்னாளில் வந்து சேர்ந்தது என்பதே அந்த ஈர்ப்பின் ஆழமான காரணமாகத் தோன்றுகிறது.

டாம் ஹேப் தனியாக உருவாக்கி 2015-இல் வெளியிட்ட ‘ஆக்சியம் வெர்ஜ்’, பழைய கேசட்டுக்கும் புதிய ஆட்டத்துக்குமான இவ்வுறவை மேலும் நுட்பமாகக் கையாள்கிறது. தூசி படிந்த கேசட்டைச் செருகும்போது திரையில் எழுத்தும் உருவமும் சிதறிக் கலங்குவதும், அதனை வெளியே எடுத்து வாயால் ஊதி மீண்டும் செருகுவதும் அக்காலத்தில் வழக்கம். அவ்வாட்டத்திலோ உருவங்களை அதேபோலச் சிதறடிக்கும் ஒரு கருவி நாயகனுக்குக் கிடைக்கிறது; அதைப் பாய்ச்சினால் பகைவர்கள் உருத்திரிந்து வேறாகின்றனர், அடைபட்டிருந்த சில வழிகளும் திறக்கின்றன.