அக்டோபர் 16-இல் பிறந்த இருவர்

ஐரோப்பிய எழுத்தாளர்களும் நாடக ஆசிரியர்களுமான இருவரின் பிறந்தநாள் அக்டோபர் 16.

ஆஸ்கர் வைல்டு (1854–1900): அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். புகழின் உச்சியில், 1895-இல் ஈராண்டு சிறைத்தண்டனை பெற்றார். பாரிசில் இறப்பதற்கு முந்தைய நாள், அருட்தந்தை கத்பர்ட் டன் அவரைக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்தார்.

குந்தர் கிராஸ் (1927–2015): இன்று போலந்தில் உள்ள டான்சிக்கில் கத்தோலிக்கராக வளர்ந்தவர், 1999-இல் நோபல் பரிசு பெற்றவர். ஜெர்மனி தன் நாசிக் காலக் குற்றங்களை மறைக்கக்கூடாது என வலியுறுத்திய அவர், தாம் 17 வயதில் நாசிகளின் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்ததை 2006-இல், 78 வயதில்தான் வெளிப்படுத்தினார்.

அன்புக்குரியவர்களே, கடைசி மணி நேரத்தில் வருபவருக்கும் ஆண்டவர் முழுக் கூலி தருகிறார். ஆனால் அதுவரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? ஒப்புரவு அருட்சாதனம் இன்றே நமக்காகக் காத்திருக்கிறது.