இயற்கை ஒளியும் அரங்க ஒளியமைப்பும்: ஆப்பியா, ஃபோர்த்துனி, ஹெல்லெராவ்

முன்னுரை

அரங்க ஒளியமைப்பின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மெழுகுவர்த்தி, எரிவாயு விளக்கு, மின்விளக்கு என்னும் வரிசையில் ஒவ்வொரு கருவியும் ஒரு புதிய அழகியலைத் தோற்றுவித்ததாகக் கொள்ளப்படுகிறது. இலண்டன் சவாய் அரங்கில் மின்விளக்குகள் 1881ஆம் ஆண்டிலேயே ஒளிர்ந்தன. ஆயினும் ஓவியத் திரையும் அதனைச் சீராக ஒளியூட்டும் வழக்கமும் அதன் பின்னரும் நீடித்தன. கருவியோடு, இயற்கையில் ஒளி இயங்கும் முறையைக் கூர்ந்து நோக்கும் பார்வையும் மாற்றத்திற்குத் தேவைப்பட்டது என்பதை இக்கட்டுரை மூன்று சான்றுகளின்வழி விளக்குகிறது.

வரையப்பட்ட நிழலும் விழும் நிழலும்

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரங்கு இயற்கையைப் புறக்கணிக்கவில்லை. அதன் உருவத்தைப் படியெடுத்தது. காடும் மலையும் திரையில் தீட்டப்பட்டன. மரநிழலும் வண்ணத்தாலேயே வரையப்பட்டது. மேடை விளிம்பு விளக்குகளோ நடிகரின் முகத்தைக் கீழிருந்து ஒளியூட்டின. ஓவியத்தின் வெயில் ஒரு திசையிலும் நடிகர்மேல் விழும் ஒளி வேறொரு திசையிலும் அமைந்தன.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அடால்ஃப் ஆப்பியா (1862–1928) இம்முரணை 1899இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். எங்கும் பரவும் ஒளி பொருளைக் காட்டும். திசையுடைய ஒளியே நிழலை உண்டாக்கி அதற்குத் திரட்சி தரும் என்று அவர் வேறுபடுத்தினார். வாக்னரின் 'சீக்ஃபிரீட்' இசைநாடகத்திற்கு அவர் முன்மொழிந்த காட்சி இதற்குத் தக்க சான்று. அங்குக் காட்டை உணர்த்துவது தீட்டிய மரங்களன்று. நடிகரின் உடல்மீது அசையும் இலைநிழல்.

வானத்தின் பரவொளி

வெனிசில் வாழ்ந்த ஸ்பானிய ஓவியரும் துணி வடிவமைப்பாளருமான மரியானோ ஃபோர்த்துனி (1871–1949) மற்றொரு பண்பைக் கைக்கொண்டார். வெளியில் நம்மை வந்தடையும் ஒளியில் பெரும்பங்கு வானிலும் பொருள்களிலும் பட்டுச் சிதறியது. ஆகவே அவர் மின்வில் விளக்கின் ஒளியை நேரே மேடைக்குச் செலுத்தாமல், வண்ணப் பட்டுத்துணிகளில் பட்டுத் திரும்பச் செய்தார். குழிந்த கவிகை மாடமொன்று வானமாக நின்று அவ்வொளியை ஏற்றது. பட்டின் இழைநயம் இங்கு ஒளியின் தன்மையையே நிர்ணயித்தது. இம்முறையில் ஒளியின் பெரும்பகுதி வீணாயிற்று, செலவும் மிகுந்தது. எனினும் விளிம்பு தெரியாத வானம் மேடைக்குக் கிடைத்தது.

ஒளிரும் சுவர்

அன்று டிரெஸ்டன் அருகில் அமைந்திருந்த ஹெல்லெராவில் எமில் ஷாக்-டால்குரோசின் தாளப்பயிற்சி நிறுவனத்திற்கான அரங்கில் இவ்விரு நோக்குகளும் நெருங்கின. அங்கு ஓவியர் அலெக்சாண்டர் ஃபொன் சால்ஸ்மன், ஒளி ஊடுருவும் வெண்துணிச் சுவர்களுக்குப் பின்னே ஆயிரக்கணக்கான மின்விளக்குகளைப் பொருத்தினார். விளக்கு மறைந்து சுவரே ஒளிர்ந்தது. ஆப்பியாவின் படிக்கட்டுகள் அமைந்த மேடையில் குளுக்கின் 'ஒர்ஃபியஸ்' 1913இல் முழுமையாக நிகழ்த்தப்பட்டது. அங்கு மரமோ பாறையோ தீட்டப்படவில்லை. இருளிலிருந்து ஒளிக்கு நகரும் படிநிலைகளே இடத்தை உணர்த்தின.

முடிவுரை

மின்விளக்கின் பங்கை இக்கட்டுரை மறுக்கவில்லை. அஃதின்றி ஹெல்லெராவின் சுவர் ஒளிர்ந்திராது. ஆனால் சவாய் அரங்கிற்கும் ஹெல்லெராவிற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைக் கருவியைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது. அக்காலத்தில் இயற்கையின் உருவத்தைப் படியெடுத்தல் என்னும் நிலையிலிருந்து, அதன் ஒளியியல்பைக் கற்றல் என்னும் நிலைக்கு அரங்கு நகர்ந்தது. எனவே அரங்க ஒளியை ஆராய்வோர் எவ்விளக்கு பயன்பட்டது என்பதோடு, அவ்வொளி எப்பரப்பில் பட்டு நடிகரை வந்தடைந்தது என்பதையும் வினவுதல் வேண்டும்.