நான்கு குரல்களின் மனிதர்

தமிழ் மண்ணின் இசை வரலாற்றில் கிறித்தவர்களின் பங்கைப் பேசும்போது, நாம் வழக்கமாக இரண்டு பெயர்களோடு நிறுத்திக்கொள்கிறோம்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், ஆபிரகாம் பண்டிதர். முன்னவரின் கீர்த்தனைகளும், பின்னவர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'மும் அச்சில் நிற்கின்றன. பிறர் குரல்களில் தம் உழைப்பை வைத்துச் சென்றவரை வரலாற்றில் எங்கே அமர்த்துவது? ஹேண்டல் மானுவேலை நினைக்கையில் எழும் கேள்வி இது.

சென்னை எழும்பூரில் 'கர்க்' என்று அழைக்கப்படும் புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் அவர் ஆர்கன் கலைஞராகவும் பாடகர் குழுவின் ஆசானாகவும் நெடுங்காலம் பணியாற்றினார். இளகிய நிலத்தில் கிணறுகள் இறக்கி, அவற்றின்மேல் தாமஸ் டி ஹாவிலண்ட் எழுப்பிய அந்த வட்ட ஆலயம் 1821இல் திறக்கப்பட்டது. 16 தூண்கள் அதன் குவிமாடத்தைத் தாங்குகின்றன. யார்க்ஷயரில் செய்யப்பட்ட குழல் ஆர்கன் அங்கு நிறுவப்பட்டது 1883இல்.

பியானோவில் தட்டிய ஒலி தானே தேய்ந்து மறையும். ஆர்கனிலோ விரலை எடுக்கும்வரை ஒலி நிற்கும். பிழையும் அவ்வாறே நிற்கும். கைகள் கட்டைகளிலும் கால்கள் மிதிகளிலும் இயங்க, செவி சபையாரிடம் இருக்க வேண்டும். ஆர்கனுக்கு மூச்சு தீராது, பாடுகிறவர்களுக்குத் தீரும். அடியின் முடிவில் அவர்கள் மூச்செடுக்க இடம்விடத் தெரிந்தவரே ஆலயத்துக்கு உரிய கலைஞர்.

1893இல் தோன்றிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷனின் சேர்ந்திசைக் குழுவையும் அவர் நடத்தினார். சென்னை வானொலியின் மேலை இசைப் பிரிவிலும் பணிபுரிந்தார். ஒற்றை மெட்டில் ஊறியது நம் செவி. நான்கு பகுதிகளாகப் பாடும் குழுவிலோ, ஆல்ட்டோ பாடுகிறவரின் வரியைத் தனியே கேட்டால் அது பாட்டாகவே தோன்றாது. மற்ற மூன்றும் சேரும்போதுதான் அதற்குப் பொருள் பிறக்கும். தன் குரல் தனித்துக் கேட்காதிருக்கவும் ஒருவர் பழக வேண்டும். நாம் அதிகம் மதிக்காத பயிற்சி அது.

அவர் பெயருக்கு உரிய ஜெர்மானிய மேதை ஹேண்டலும் ஆலய ஆர்கன் கலைஞராக இருந்தவரே. 1742இல் டப்ளினில் முதன்முதலாக ஒலித்த அவரது 'மெசையா' இசைத்தாள்களில் வாழ்கிறது. குழுவை நடத்துகிறவருக்கு அந்த வாய்ப்பில்லை. கையை உயர்த்தி நிற்கும் அவரிடமிருந்து ஒலி ஏதும் எழுவதில்லை. எழுவதெல்லாம் எதிரே நிற்பவர்களிடமிருந்து. அவர்முன் நின்று பாடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, அந்த நினைவுகளைக் கேட்டு எழுதிவைப்போம்.