குதிரை வீரரும் திரைப்படமும் : போலந்துப் படங்கள் இரண்டு

நாட்டுப்பற்றை ஊட்டும் வரலாற்றுத் திரைப்படங்களில் குதிரைவீரன் தனியிடம் பெறுகின்றான். போலந்து நாட்டில் 'உலான்' எனப் பெயர் பெற்ற குதிரைப்படையினரைப் பற்றிய படங்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றுள் ஆந்திரே வைடா இயக்கிய 'லோத்னா' (1959), போதான் போரெம்பா இயக்கிய 'ஹூபால்' (1973) என்னும் இரண்டனையும் வரலாற்றோடு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'லோத்னா' என்பது அழகிய குதிரையொன்றின் பெயர். 1939 செப்டம்பரில் செருமானியர் படையெடுத்தபோது, அக்குதிரை வீரர் ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறுகின்றது. படத்தின் ஒரு காட்சியில், உலான்கள் டாங்கிகளின்மீது பாய்கின்றனர். வீரனொருவன் டாங்கியின் குழலை வாளால் வெட்டுகின்றான். நெஞ்சை உருக்கும் காட்சியே அது. ஆயினும் அது வரலாறாகுமோ என்பது வினா.

1939 செப்டம்பர் முதல் நாள் மாலை, குரோயாந்தி என்னும் ஊரருகே 18ஆவது பொமரேனிய உலான் படைப்பிரிவினர் தாக்கியது செருமானியக் காலாட்படையையே. அப்படை சிதறியது. அதன்பின் தோன்றிய கவசவண்டிகளின் துப்பாக்கிச் சூட்டில் வீரர் பலரும் படைத்தலைவர் மாஸ்தலேரும் மாண்டனர். குதிரைகளும் வீரரும் கிடந்த அக்களத்தைப் பின்னர்ச் செய்தியாளர் கண்டனர். டாங்கியை எதிர்த்துக் குதிரை பாய்ந்தது என்னும் கதை அவ்வாறே பரவியது. உண்மையில் உலான்கள் குதிரையை விரைந்து செல்லுதற்கே பெரிதும் பயன்படுத்தினர். இறங்கி நின்றே போரிட்டனர். டாங்கிகளைத் துளைக்கும் 37 மில்லிமீட்டர்ப் பீரங்கிகளும் அவர்பால் இருந்தன. அதே நாளில் மொக்ரா என்னுமிடத்தில் வொலீனியக் குதிரைப்படை, செருமானியரின் 4ஆவது கவசப் படைப்பிரிவை நாள் முழுதும் தடுத்து நிறுத்தியது. எனவே கதை கூறும் அறியாமை அவர்பால் இல்லை என்பது தெளிவு.

அங்ஙனமாயின் வைடா அக்கதையை மேற்கொண்டது ஏன்? அவர்தம் தந்தையார் போலந்துப் படையதிகாரி; 1940இல் சோவியத்துக் காவற்படையினரால் கொல்லப்பட்டவர். 1959இல் அக்கொலையைப் போலந்துத் திரையில் கூறல் இயலாது. 'காத்தீன்' என்னும் படத்தின் வழி அதனை அவர் கூறியது 2007இலேயாம். வெளிப்படக் கூறலாகா இழப்பின் துயரமே குதிரையின் வடிவில் புலப்பட்டது எனக் கருத இடமுண்டு.

'ஹூபால்' பிறிதொரு வினாவை எழுப்புகின்றது. படைத்தலைவர் ஹென்றிக் தொப்ஜான்ஸ்கி, நாடு வீழ்ந்த பின்னும் சீருடை களையாது, ஹூபால் என்னும் புனைபெயருடன் சிறு குதிரைப்படை கொண்டு போரிட்டார். படையைக் கலைக்குமாறு மறைவியக்கத் தலைமை விடுத்த ஆணைக்கும் அவர் இணங்கிலர். 1940 ஏப்ரல் 30ஆம் நாள் அனியெலின் அருகே வீழ்ந்தார். அவர்க்கு உணவும் உறையுளும் அளித்த சிற்றூர்களைச் செருமானியர் எரித்தனர். உழவர் பலநூற்றுவர் கொல்லப்பட்டனர். ஒருவனது வீரத்திற்குரிய விலையை யார் செலுத்தினர் என்பதை நாம் மறத்தலாகாது.

புறத்திணை நூலார் குதிரைமறம் எனத் தனித்துறை வகுத்தனர். பாட்டு மறத்தைப் போற்றும். அஃது அதன் இயல்பு. வரலாறோ மறத்தோடு மாண்டாரையும் எண்ணும். உலான்களுக்கு உண்மையே பெருமை தருகின்றது. பொய்க்கதை அவரை அறிவிலிகளாக்குகின்றது. ஆதலின் இத்தகு படங்களைக் காண்போர் கண்ணீரோடு ஆராய்ச்சியையும் உடன்கொள்ளுதல் வேண்டும் என்க.