இரத்தம் சொன்னதும் கால்கள் சொன்னதும்

1868இல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்கோ, மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே இறுகிக் கிடந்த திட்டுகளைக் கொண்டு ஒரு நோயை வரையறுத்தார். அதுவே மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய். நோய் எதிர்ப்பு மண்டலமே நரம்பிழைகளின் உறையைத் தாக்குவதால் இது விளைகிறது. பலருக்குத் தாக்குதல் வந்து தணியும். சிலருக்குத் தொடக்கத்திலிருந்தும், வேறு பலருக்குச் சில ஆண்டுகள் கழித்தும், தணிவின்றி முற்றிக்கொண்டே போகும். இந்த முற்றும் வகைக்கு மருந்து தேடிய வரலாறு, இரத்தத்தை வாசிக்கக் கற்ற வரலாறும் ஆகும்.

முதலில் வந்தது இன்டர்ஃபெரான் பீட்டா. வந்து தணியும் வகைக்கு 1993இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. இம்மருந்து உடலில் செயற்பட்டால் இரத்த அணுக்களில் எம்எக்ஸ்ஏ என்னும் புரதம் பெருகும். மருந்தை முறியடிக்கும் எதிர்ப்பொருள் உடலில் உருவானால் அப்பெருக்கம் குன்றும். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அது நல்ல சாட்சி. நோயாளிக்குப் பயன் உண்டா என்பதற்கு அன்று. முற்றும் வகையில் இயலாமை தள்ளிப்போவதாக 1998இல் ஐரோப்பிய ஆய்வு கூறியது; 2004இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில் அப்பயன் உறுதிப்படவில்லை. ஐரோப்பிய ஆய்வில் இருந்தோர் வயதில் இளையவர்கள். தாக்குதல்களும் அவர்களுக்கு மிகுதி.

அடுத்து பி அணுக்களை அகற்றும் மருந்துகள் வந்தன. ரிட்டுக்சிமாப் இரத்தத்தில் அவ்வணுக்களை ஏறக்குறைய துடைத்தெறிந்தது. ஆயினும் 2009இல் வெளியான ஆய்வு தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. அதே வழியில் வந்த ஓக்ரெலிசுமாப் வென்றது. தொடக்கத்திலிருந்தே முற்றும் வகைக்கு 2017இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த முதல் மருந்து அதுவே. அவ்வெற்றியின் அளவையும் காண வேண்டும்: போலி மருந்து பெற்றோரில் 39.3 விழுக்காட்டினருக்கு இயலாமை கூடியது; மருந்து பெற்றோரில் 32.9 விழுக்காட்டினருக்கு. பி அணுக்கள் மறைந்த பின்னரும் மூவரில் ஒருவருக்கு நோய் நகர்ந்தது.

மூன்றாவது சாட்சி, நரம்பிழை சிதையும்போது கசியும் நியூரோஃபிலமென்ட் புரதம். மிக நுண்ணிய அளவீட்டு முறைகள் வந்தபின் அதை இரத்தத்திலேயே காண முடிந்தது. நட்டலிசுமாப் முற்றும் வகையில் இப்புரதத்தைக் குறைத்தது. ஆனால் 2018இல் வெளியான அம்மருந்தாய்வு முதன்மை இலக்கில் தோற்றது. கைகளின் செயற்பாட்டில் மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது.

காரணம் நோயின் இருப்பிடத்தில் உள்ளது. முற்றும் நிலையில் அழற்சி பெரிதும் மூளைக்குள்ளேயே, அங்குள்ள மைக்ரோக்லியா அணுக்களிடையே, கனன்றுகொண்டிருக்கிறது. இரத்தத்தில் உலவும் அணுக்களை அடக்கும் மருந்து அந்தக் கனலை முழுதும் எட்டுவதில்லை.

ஆகவே ஆய்வுக்கூடத் தாளில் ஓர் எண் இறங்குவது நற்செய்தியே. அதுவே முழுச் செய்தி அன்று. மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்னும் கேள்வியில், நோயாளி நேற்று ஏறிய படியை இன்றும் ஏறுகிறாரா என்பதும் இரத்தத்தின் சாட்சியத்துக்கு இணையான சாட்சியமாகும்.