துரும்பும் சங்கும்: கெங்கவல்லி வெயிலில் ஒரு பழைய பாடம்

ஏப்ரல் 20ஆம் தேதி வாக்கில் ஒரு நாள், பகல் 12 மணி 14 நிமிடத்துக்குக் கெங்கவல்லியில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. பச்சைமலை அடிவாரத்தை ஒட்டி, சுவேத நதி பாயும் இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11½ பாகையில் இருக்கிறது. சூரியன் வடக்கு நோக்கி ஏறும்போது ஒரு நாளும், ஆகஸ்ட் 22 வாக்கில் தெற்கு நோக்கி இறங்கும்போது ஒரு நாளும் நேர் உச்சியைக் கடக்கிறது. கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு இது நடக்காததற்குக் காரணம், இந்தியக் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்த கடிகாரம். அங்கே உச்சியான பொழுது கெங்கவல்லிக்கு வந்து சேரக் கால் மணி நேரம் ஆகிறது.

மற்ற நாட்களில் உச்சி நிழல் எங்கே போகிறது என்று கேட்டால் படித்தவர்களே தடுமாறுவார்கள். ஒரு மீட்டர் குச்சிக்கு மார்கழித் தொடக்கத்தில் 70 சென்டிமீட்டர் நிழல், வடக்குப் பக்கம். பகலும் இரவும் சமமாக வரும் மார்ச் 21இல் 20 சென்டிமீட்டர், அதுவும் வடக்கே. ஜூன் 21இல் 21 சென்டிமீட்டர், ஆனால் தெற்கே! ஐரோப்பியப் பாடநூல்களைப் பார்த்து எழுதிய பாடங்களில் இந்தத் தெற்கு நிழல் வராது. லண்டனில் உச்சி நிழல் ஒருநாளும் தெற்கே விழுவதில்லை.

தமிழ் எழுத்தில் இந்த நிழலுக்கு வயது அதிகம். நக்கீரரின் நெடுநல்வாடை, பாண்டியன் அரண்மனைக்குக் கயிறு பிடித்த கதையைச் சொல்கிறது. இரண்டு கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாராத நண்பகலைக் குறித்து, நூல் அறிந்தவர்கள் மனைக்குத் திசை வகுக்கிறார்கள். அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் நாளையும் நேரத்தையும் சேர்த்தே தருகிறார்: சித்திரை மாதத்தின் நடுவில் உள்ள பத்து நாட்களில் ஒரு நாள், பதினைந்தாம் நாழிகை. சூரியன் உதித்து ஆறு மணி நேரம், அதாவது நண்பகல்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்று மதுரையில் நிழல் இல்லாத நாள் ஏப்ரல் 16 வாக்கில் வருகிறது. சித்திரை பிறந்து மூன்றாம் நாள். கெங்கவல்லியில் சித்திரை 7. இரண்டும் மாத நடுவில் இல்லை. அப்படியானால் உரைகாரர் பிசகிவிட்டாரா? இல்லை. பஞ்சாங்க ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிடச் சற்றே நீளம். ஏறக்குறைய அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சித்திரை முதல் தேதி பின்னுக்குத் தள்ளிப்போகிறது. நச்சினார்க்கினியர் வாழ்ந்ததாகக் கொள்ளும் 14ஆம் நூற்றாண்டுக்குத் திரும்பினால் பதினோரு நாளைக் கூட்ட வேண்டும். அப்போது மதுரைக்குச் சித்திரை 14, கெங்கவல்லிக்குச் சித்திரை 18. மாத நடுவின் பத்து நாளுக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன. வெறும் ஏட்டறிவில் எழுதிய குறிப்பாக இது தெரியவில்லை. வெயிலில் நின்று பார்த்தவர்கள் சொன்னதைத்தான் அவர் பதிந்திருக்க வேண்டும்.

அரண்மனைக்கும் கோயிலுக்கும் திசை பிடித்த குச்சிக்குச் சங்கு என்று பெயர். மயமதம் போன்ற சிற்பநூல்கள் அதைப் பயன்படுத்தும் முறையை விளக்குகின்றன. சமதளத்தில் ஒரு வட்டம் போட்டு நடுவில் சங்கை நிறுத்த வேண்டும். காலையில் நீண்டு கிடக்கும் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து, அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நிழல் மறுபடி நீண்டு வட்டத்தைக் கடக்கும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் கயிற்றால் இணைத்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். காந்த ஊசி தேவையில்லை. எந்த மாதத்திலும் செய்யலாம். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு சுண்ணக்கட்டியும் சணல் கயிறும் போதும்.

பஞ்சாங்கம் கணித்தவர்கள் சங்கை வேறு காரியத்துக்கு வைத்திருந்தார்கள். சூரிய சித்தாந்தம் சங்கின் உயரத்தைப் 12 அங்குலமாக வைக்கிறது. பகலும் இரவும் சமமான நாளின் உச்சி நிழலை அந்தச் சங்கில் அளந்தால் கெங்கவல்லிக்கு 2.44 அங்குலம் வரும். அந்த ஒரே எண்ணை 10, 8, 3⅓ ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும் என்பது பழைய விதி. கூட்டினால் 52 விநாழிகை. விநாழிகைக்கு 24 விநாடி என்றால் ஏறத்தாழ 21 நிமிடம். ஆண்டின் மிக நீண்ட பகலில் சூரியன் காலையில் இவ்வளவு முந்தி எழுகிறது, மாலையில் இவ்வளவு பிந்தி விழுகிறது. ஆக 12 மணி 42 நிமிடப் பகல். இன்றைய கோளக் கணிதம் 12 மணி 40 நிமிடம் என்கிறது. ஒரு நிழலை ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு, ஓர் ஊரின் முழு ஆண்டுப் பகற்பொழுதையும் சொல்லிவிட முடியும் என்பதைக் குழந்தைகளுக்குக் காட்டாமல் விட்டது பெரிய நஷ்டம்.

இந்தக் கணக்கைக் கண்டு அசந்துபோன வெளியூர்க்காரர் ஒருவர் உண்டு. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்தீல், 1769 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார். அன்று மேகம் மூடிக்கொண்டது. 1761இல் அதே நிகழ்வைக் கடலில் ஆடும் கப்பலிலிருந்து பார்த்து, அளக்க முடியாமல் ஏமாந்தவர் அவர். ஆனால் புதுச்சேரியில் இருந்த காலத்தைத் தமிழ்க் கணிதர்களிடம் பாடம் கேட்பதில் செலவிட்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மாயரின் கணக்கு 68 விநாடி கூடுதலாகவும் இருந்ததை அவரே பதிவு செய்தார். 1825இல் காலசங்கலிதம் நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணித்ததை விவரிக்கிறார்.

இவையெல்லாம் ஸ்தபதி வீட்டிலும் பஞ்சாங்கக்காரர் வீட்டிலும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன வித்தை. மற்றவர்களுக்கு? அவர்களுக்குத் துரும்பு இருந்தது.

காட்டில் கிடக்கும் ஒரு துரும்பை எடுத்து 16 விரற்கடைக்கு நறுக்க வேண்டும். அதை இரண்டாக மடக்கி, ஒரு பகுதியைத் தரையில் கிடத்தி, மறு பகுதியைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். நிற்கும் பகுதியின் நிழல், கிடக்கும் பகுதியின் நீளத்துக்குச் சரியாக விழும்வரை மடிப்பை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே போனால், கடைசியில் நிற்பது எத்தனை விரற்கடையோ அத்தனை நாழிகை. முற்பகலில் பொழுது கிளம்பி ஆன நாழிகை. பிற்பகலில் பொழுது விழ இருக்கும் நாழிகை. எழுத்து வேண்டாம், அளவுகோலும் வேண்டாம். ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் கைக்கு எட்டும் கருவி.

இது எவ்வளவு நம்பகமானது? கெங்கவல்லியில் சித்திரை முதல் வாரத்தில் சோதித்தால், பொழுது கிளம்பி ஒரு மணி நேரத்தில் துரும்பு 3¼ நாழிகை காட்டும். அதாவது 18 நிமிடம் முந்தி ஓடும். மூன்று மணி நேரம் ஆனபோது பிசகு ஏழு நிமிடத்துக்குக் குறைந்துவிடும். நாழிகை என்பதே 24 நிமிடம் என்பதால் இது தாராளமாகப் போதும். ஆனால் மார்கழி நண்பகலில் கதை வேறு. பொழுது தெற்கே சாய்ந்து 55 பாகை உயரத்தில்தான் நிற்கும். உண்மையில் 14 நாழிகை கடந்திருக்க, துரும்பு ஒன்பதரைக்கும் குறைவாகவே சொல்லும். ஒரு கருவி எப்போது சரியாகச் சொல்லும், எப்போது ஏமாற்றும், ஏன் என்று ஒரு வகுப்பையே விவாதிக்க வைக்க இதைவிட மலிவான பொருள் அகப்படாது.

பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் துரும்பும் வரவில்லை, சங்கும் வரவில்லை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டு எடுத்த கணக்கில் சென்னை மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்து, எண்சுவடி, நெல்லிலக்கம், கடிதம் வாசிப்பது என்று பிழைப்புக்கு வேண்டியது நடந்தது. வான சாஸ்திரம் வீடுகளில் தனிப்படச் சொல்லிக்கொடுக்கும் பாடமாகவே நின்றுவிட்டது. சாதியும் தொழிலும் போட்ட வேலி அது. அதை நாகரிகமாக மூடிமறைத்து, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்று பெருமை பேசுவதில் பொருளில்லை.

வேலிக்கு வெளியே இதைப் பாடமாக்கியவர்களில் முந்தியவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் அமெரிக்க மிஷனரி டேனியல் பூர் தமிழ் மாணவர்களுக்கு வானியல் நடத்தினார். 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்துக்கு, ஊரில் மதிப்புப் பெற்ற பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியின் கணக்கும் செமினரியின் கணக்கும் தொடக்க நேரத்தில் கால் மணி நேரம் வேறுபட்டன. ஊரே பார்த்திருக்கச் செமினரிக் கணக்குப் பலித்தது. பூர் அதை மதப் பிரசாரத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார் என்பது தனிக் கதை. பூமியின் நிழல் நிலாவில் விழுவதை, கணக்குப் போட்ட மாணவர்கள் தாங்களே பார்த்துச் சரிபார்த்தார்கள் என்பதுதான் இங்கே சேதி.

பிறகு வந்த பொதுப் பள்ளிகளில் நிழல் கரும்பலகைக்குப் போய்விட்டது. விளக்கு, பந்து, திரை, நேர்கோட்டுக் கதிர்கள் என்று படம் வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண். இன்றைய ஏழாம் வகுப்புப் பாடநூலின் ஒளியியல் பாடத்தில் ஊசித்துளைக் காமிரா இருக்கிறது, கருநிழலும் புறநிழலும் இருக்கின்றன. பாடம் மோசமில்லை. வகுப்பறைக் கூரைதான் இடைஞ்சல்.

கூரைக்கு வெளியே பிள்ளைகளைக் கொண்டுவந்ததில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கும், அதன் சிறுவர் இதழான துளிருக்கும் பெரிய பங்கு உண்டு. கிரகணம் என்றால் கதவை அடைக்கும் ஊர்களில் அதைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே முதல் வேலையாக இருந்தது. 2010 ஜனவரி 15இல் கன்னியாகுமரி, ராமேசுவரம் பக்கமும், 2019 டிசம்பர் 26இல் கோவை, கரூர், திருச்சி வழியாகவும் கங்கண சூரிய கிரகணம் கடந்தது. இரண்டாவது கிரகணத்தில் கெங்கவல்லிக்கு முழு வளையம் கிடைக்கவில்லை. பாதைக்கு வடக்கே தள்ளி இருந்ததால் மெல்லிய பிறைதான். ஆனால் நிழல் பாடத்துக்குப் பிறையே மேல். மரத்தடியில் இலைச் சந்து வழியாக விழும் ஒளிப்பொட்டுகள் வழக்கமாக வட்டமாக இருக்கும். கிரகணத்தன்று அத்தனையும் பிறையாகிவிடும். அந்த வட்டம் சந்தின் வடிவம் இல்லை, சூரியனின் படம் என்பதைப் பிள்ளைகள் அன்றைக்குக் கண்ணால் கண்டு ஒப்புக்கொள்கிறார்கள்.

கிரகணம் வராத நாளிலும் அதைச் செய்து காட்டலாம். சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் கறுப்புக் காகிதத்தை ஒட்டி, சதுரமாகச் சிறு ஓட்டை வெட்டி, வெயிலை நிழலில் உள்ள சுவர்மேல் திருப்ப வேண்டும். அருகில் சதுரமாகத் தெரியும் ஒளி, 10 மீட்டர் தள்ளிப் போனால் 9 சென்டிமீட்டர் அகல வட்டமாகிவிடும். தூரத்தைச் சுமார் 107ஆல் வகுத்தால் எப்போதும் இந்த அகலம் வரும். காரணம், வானில் சூரியன் தெரியும் அகலம் அரைப் பாகை.

குச்சி நிழலின் நுனி மங்கிக் கலங்குவதற்கும் அதே அரைப் பாகைதான் காரணம். ஒரு மீட்டர் குச்சியின் நிழல் நுனி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கருப்பிலிருந்து சாம்பலாகி மறையும். ‘எந்த இடத்தில் கோடு போடுறதுங்க சார்?’ என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. புறநிழல் என்று புத்தகத்தில் படித்தது அதுதான் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

2022 நவம்பர் 28இல் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்துபார்க்கும் அறிவியலைக் கொண்டுசெல்லும் திட்டம். இந்திய வானியல் சங்கமும் அறிவியல் அமைப்புகளும் நிழலில்லா நாளை ஊர்வாரியாக முன்கூட்டியே அறிவிக்கின்றன. ஆனால் நாட்காட்டி ஒத்துழைப்பதில்லை. ஏப்ரல் 20இல் ஆண்டுத் தேர்வோ விடுமுறையோ குறுக்கே நிற்கும். பள்ளி திறந்திருக்கும் ஆகஸ்ட் 22இல் உச்சி 12 மணி 18 நிமிடத்துக்கு. அன்றைக்குப் பார்த்து மேகம் வரும்.

அதற்காக அந்த ஒரு நாளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. அந்தப் பருவத்தில் சூரியன் நாளுக்கு மூன்றில் ஒரு பாகைதான் நகர்கிறது. ஒரு மீட்டர் குச்சியின் உச்சி நிழல் நாளுக்கு ஆறு மில்லிமீட்டர் மாறும். நுனியின் மங்கலே அதைவிட அகலம். ஆகவே முந்தின நாளோ அடுத்த நாளோ வெயில் அடித்தால் போதும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கெங்கவல்லிக்குக் குறித்த தேதி தம்மம்பட்டிக்கும் வீரகனூருக்கும் ஆத்தூருக்கும் அப்படியே பொருந்துவதும் இதனால்தான்.